பல் டாக்டரும் நான்கு சக்கரங்களும்

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க… ஆங், அப்படியே இருங்க. இப்ப சொல்லுங்க, இரும்புச் சக்கரமா, அலுமினியமா?"

நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரின் இரண்டு விரல்கள். அவர் "ங்ங" என்கிறார்.

"அதேதான்! நானும் அலுமினியம்தான்னு சொல்றேன்."

பதினெட்டு வருடப் பல் வைத்தியத்தில், சக்கர விஷயத்தில் டாக்டரோடு கருத்து வேறுபட்ட நோயாளி ஒருவர்கூட இல்லை.

டாக்டருக்கு ஒரு ஜீப் உண்டு. காடு, மலை, சேறு, ஆற்றுமணல் எதற்கும் அஞ்சாத வண்டி என்று அதன் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதைச் சரிபார்க்கும் தொந்தரவை அவர் இதுவரை வண்டிக்குக் கொடுத்ததில்லை. ஐந்து வருடங்களாக வீடு, கிளினிக், வீடு. வழியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதை எப்படிக் கடப்பது என்று அவர் சற்று விரிவாகவே பேசுவார்.

அவருடைய ஒரே பகை எடை. குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மெஷினை அடுக்குமாடிக்கு அடியில் வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு, ஜீப்பின் பக்கத்திலேயே இறக்கிவிட்டார். எந்தக் கடையிலிருந்து எந்தச் சக்கரம் பார்வைக்கு வந்தாலும் முறை ஒன்றுதான். முதலில் வெறுங்கையோடு ஏறுவார். பிறகு சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவார். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழிப்பார். எட்டு மாதமாகக் குறித்துவைக்கும் பொறுப்பு மனைவியுடையது.

"என்னங்க, சக்கரம் ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. சரி. முதல் நம்பர் ஆறு கிலோ ஏறியிருக்கே?"

"அதை விடு. அதுதான் கழிஞ்சு போயிடுதே."

கடைசியில் கிடைத்த சக்கரத்தில் ஒன்றுக்கு ஐந்து கிலோ மிச்சம். அந்த வெற்றியைக் கொண்டாட, ஒன்றுக்கு ஒன்பது கிலோ கூடுதலான ராட்சத டயர்களை வாங்கினார். மனைவி இதைக் கூட்டிக் காட்டியபோது, "டயர் வேற டிபார்ட்மென்ட்" என்று முடித்துவிட்டார். அந்தக் கையோடு ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப் மூன்றும் வீண் சுமை என்று தீர்ப்பாகி, மச்சினனுக்குத் தானமாகப் போய்ச் சேர்ந்தன.

மச்சினன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவனுக்கும் ஒரு ஜீப் இருக்கிறது: துருவேறிய இரும்புச் சக்கரம், ஒட்டுப்போட்ட டயர். அது ஊருக்குப் பக்கத்து மலையுச்சிக்கு நாற்பது தடவையாவது போய்த் திரும்பியிருக்கும். சொந்தபந்தம் எல்லாம் கூடிய சாப்பாட்டு மேசையில் அவன் கேட்டான்: "டயர் ஜோரா இருக்கு மாமா. மண்ணுன்னா என்னன்னு ஒருதடவை அதுக்குக் காட்டுங்களேன்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மனைவி மட்டும் சத்தமில்லாமல் சிரித்தாள். அதுதான் டாக்டருக்கு உறைத்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு முன்னாடி நான் உச்சியில நிக்கலைன்னா, இனிமே சக்கரத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியொரு நற்காலம் பிறக்கும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கனவு கண்டதில்லை.

சனிக்கிழமை டயர்க்கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்து, புதுச் சக்கரங்களையும் டயர்களையும் கீழ்த்தளத்திலேயே மாட்டச் செய்தார். "புது டயர்ல முதல்ல மண்ணுதான் படணும். தார் படக் கூடாது." மலையடிவாரம் வரைக்கும் தார் ரோடுதான் என்று சொல்லக் கடைக்காரர் வாயெடுத்தார், கூலி கைக்கு வந்ததும் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கீழ்த்தளச் சரிவில் ஜீப் கம்பீரமாக ஏறி, வாசலை நெருங்கி, நின்றது. வாசலுக்கு மேலே கான்கிரீட் உத்தரம். ஐந்து வருடமாகத் தலையைக் குனியாமல் போய்வந்த ஜீப், ஒரே இரவில் அதைவிட இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டிருந்தது.

"காத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க சார்" என்றார் காவலாளி.

"திரும்ப அடிக்க பம்ப்பு?"

"அப்ப ஜாக்கி போட்டு பழைய சக்கரத்தையே மாட்டிடலாம்."

"ஜாக்கி?"

இரண்டும் மச்சினன் வண்டியில் இருந்தன. கேட்டால் பறந்து வந்து கொடுப்பான். கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவான். அந்த நேரம் பார்த்து அவனே போன் செய்தான்.

"மாமா, அடிவாரத்துல நிக்கிறேன். எங்க வந்துட்டீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன். ஒரு சின்ன ஏத்தம், அவ்வளவுதான்."

காவலாளி உத்தரத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வெயிட்டு ஏத்தினா வண்டி தாழும்."

எட்டு மாதத் தவம் டாக்டரின் முகத்தில் ஒருமுறை துடித்து அடங்கியது. காவலாளியே முதலில் ஏறினார். பால் வாங்கப் புறப்பட்ட இரண்டாம் மாடி வங்கி அதிகாரியைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். நடைப்பயிற்சிக்கு இறங்கிய பருத்த வக்கீலை, மாப்பிள்ளையை அழைப்பதுபோல் உபசரித்து ஏற்றினார்கள். "நான் ஏற மாட்டேன். அளவு பார்க்க ஆள் வேணாமா?" என்று மனைவி உத்தரத்தடியில் நின்றுகொண்டாள். படிக்கட்டுக்குப் பின்னால், வாங்க ஆளில்லாமல் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்களில் மூன்றை டாக்டரே மூச்சிரைக்கத் தூக்கிவந்து வக்கீலின் காலடியில் போட்டார்.

"இன்னும் ஒரு நூல் அளவுதாங்க இடிக்குது" என்றாள் மனைவி.

நான்காவது சக்கரத்தை அணைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு. வழியில் அந்த மெஷின் கிடந்தது. கால்கள் தாமாக அதன் மேல் ஏறி நின்றன.

"முதல் நம்பர் எடுக்கலையேங்க?"

"இன்னைக்குக் கழிக்க வேணாம். மொத்தமா எழுதிக்கோ" என்ற டாக்டர், எண் நிற்கும்வரை மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டார்.