ஒரே சிப்பாய், இரண்டு பெயர்

அம்சவள்ளிக்குச் சந்தேகமும் சோறு மாதிரிதான், மூன்று வேளையும் வேண்டும். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை வீட்டுக்குள் கொண்டுபோய் இன்னொரு முறை அளப்பாள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் படித்த பிறகுதான் உட்காருவாள். இந்தக் குணத்துக்கும் சம்பளம் கொடுக்க ஓர் இடம் இருந்தது. திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டுப் பழைய கையெழுத்துக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனி. மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்ப்பது அவள் வேலை. இரண்டு வருடமாக அவள் பெயரில் ஒரு தப்பு கிடையாது. சுவர்ப் பலகையில் அவள் பெயருக்கு நேரே பெரிய சைபர்.

போன மாதம் வந்தவை அமெரிக்க உள்நாட்டுப் போரின் காகிதங்கள். நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு கருப்பினக் காலாட்படைப் பிரிவு. அவர்களில் பாதிப் பேர், தாங்கள் அடிமைகளாக இருந்த பண்ணைகளிலிருந்து தப்பி ஓடி, நேரே முகாமுக்கு வந்து துப்பாக்கி வாங்கியவர்கள். ஆஜர்ப் பட்டியல், காயப்பட்டவர்கள் விவரம், கடைசியில் விதவைகளின் பென்ஷன் மனுக்கள்.

அன்று காலை ஹானா வெல்ஸ் என்ற கிழவியின் மனு வந்தது. புருஷன் பெயர் ஐசக் வெல்ஸ் என்கிறாள். பட்டியலில் அப்படி யாரும் இல்லை, ஐசக் ஹார்ப்பர்தான் இருக்கிறான். அம்சவள்ளிக்கு மூக்கில் வேர்த்தது. பென்ஷனுக்காக எவளுடைய புருஷனையோ தன் புருஷன் என்கிறாள் என்று முடிவு கட்டி, 'வேறு வேறு ஆட்கள்' என்று குறித்து அனுப்பிவிட்டாள். இனி ஐசக்கின் வம்சத்தில் யாராவது வெல்ஸ் என்று தேடினால், அந்தப் படைப்பிரிவில் அவன் கிடைக்கவே மாட்டான்.

மத்தியானம் அதே மனுவின் மீதிப் பக்கங்கள் வந்தன. கூடப் போரிட்ட ஒருவனின் சாட்சி: "ஹார்ப்பர் என்பது அவனை வைத்திருந்த எஜமானின் பெயர். சேரும்போது, யாருடைய ஆள் என்று கேட்டு எழுத்தர் எழுதிக்கொண்டார். போர் முடிந்ததும் ராணுவச் சட்டையோடு அந்தப் பெயரையும் கழற்றிப் போட்டான். வெல்ஸ் அவன் தகப்பன் பெயர்." இந்தச் சாட்சிக்குக் கிழவி எவ்வளவு கொடுத்தாளோ என்றுதான் அம்சவள்ளி முதலில் நினைத்தாள். அடுத்த பக்கத்தில் விசாரணை அதிகாரி கிழவியிடம் கேட்டிருந்தார்: "நீ வாழ்ந்தது ஒருவனோடா, இரண்டு பேரோடா?"

பதினாறு வயதில் இதே கேள்வியைத் தன் காதால் கேட்டவள் அம்சவள்ளி.

ரேஷன் கார்டில் அப்பாவின் பெயர் அமாவாசை. கூலிக்காரனை ராஜா என்று கூப்பிடுவதா என்று நிலக்காரர் வீட்டில் வைத்த பெயர் அது. ஊரும் அப்படியே கூப்பிட்டது, கார்டிலும் அப்படியே ஏறிவிட்டது. அம்மா வீரம்மாள் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். அவர் செத்த அன்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான் முதல்முறையாக, ராஜமாணிக்கம் என்றாள். இறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் அம்சவள்ளிக்கே அந்தப் பெயர் தெரியும். விதவை பென்ஷனுக்கு மனுக் கொடுக்கப் போன இடத்தில், இரண்டு காகிதத்தையும் பார்த்த ஆள், வரிசையில் நின்றவர்கள் சிரிக்க அந்தக் கேள்வியைக் கேட்டார். வீரம்மாள் பதில் பேசாமல் திரும்பிவிட்டாள். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை.

அம்சவள்ளி எழுந்து சூப்பர்வைசர் சீனுவாசனிடம் போனாள்.

"சார், காலைல அனுப்பினதத் தெறக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருஷமா இல்லாத தப்பு இப்ப எங்கேர்ந்து வந்துது? யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அந்தம்மா சொன்னது நெஜம் சார். நான்தான் நம்பல."

"போர்டுல ஏத்திடுவேன். அப்புறம் பேஜாரு பண்ணக்கூடாது."

"ஏத்திக்குங்க சார்."

'ஒரே ஆள்' என்று மாற்றினாள். பலகையில் சைபர் ஒன்றானது.

சாயங்காலம் வீட்டில் வீரம்மாள் மல்லாட்டையை உரித்து வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"எம்மா, அன்னிக்கு பென்ஷன் மனு குடுக்கப் போனப்ப அந்த ஆளு கேட்டாரே. ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஏன் சொல்லாம வந்துட்ட?"

வீரம்மாள் நிமிரவில்லை. "சொல்லத்தான் வாயத் தெறந்தேன். நீ பக்கத்துல நின்னுக்கினு என் மூஞ்சியவே பாத்தே. ஒனக்கும் அதே சந்தேகம்தான்னு தெரிஞ்சிது. அதுக்கப்புறம் அவன்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது."