முன்வாசல் வழியாக வந்த மிசின்

"ஏட்டி, அத வித்தா நான் எதுல துண்டு காயப் போடுவேன்?" என்று கிளீட்டஸ் கேட்டார்.

"கழுத்துல போட்டுக்கிடுங்க," என்றாள் பேபி. "டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு மவ துபாயில கெடந்து சம்பாதிச்சு வாங்கித் தந்த மிசினு. ஒரு நாளாவது ஏறி நின்னீங்களா?"

"ஒரு நாளு ஏறினேன். எவ்வளவு நடந்தாலும் அதே செவருதான் முன்னால நிக்குது. நடந்தா எங்கயாவது போய்ச் சேரண்டாமா?"

"போய்ச் சேரத்தான் நானும் சொல்லுதேன். புதுக்கடையில வீடு பேசியாச்சு. இந்த இரும்ப வைக்க அங்க எடமில்ல. அபினா, நீ போன்ல போட்டு வித்துத் தா மக்கா."

"ஆடி கழியட்டும். கடலு இந்த வருசம் கரையில போட்ட கல்லுக்கு மேல ஒரு துளி தெறிக்கல்ல."

"தெறிச்ச பொறவு ஓடலாம்னு இருக்கியளா?"

கிளீட்டஸ் அபினாவின் பக்கம் திரும்பி, "செரி, போடு. எவன் வாங்குவான்னு பாப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

பேபி அபினாவுடைய அப்பாவின் தங்கை; கிளீட்டஸ் பேபியின் கணவர். டிரெட்மில்லைப் படம் எடுத்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் விவரம் எழுதிப் போட்டது அபினாதான். கைப்பிடியில் தொங்கிய லுங்கியையும், குருத்தோலை ஞாயிறுக்குச் செருகி வைத்த ஓலைச் சிலுவையையும் எடுத்துவிட்டுத்தான் படம் பிடிக்க வேண்டியிருந்தது.

கிளீட்டஸ் ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடித்தவர். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போன பிறகு தொழிலை விட்டார். ஆனால் கடல் அவரை விடவில்லை. விடிந்ததும் தடுப்புக் கற்களின் மேல் போய் உட்காருவார். காற்று எதுவும் இல்லாமலேயே திடீரென்று ஏறி வரும் அலையை அங்கே கள்ளக்கடல் என்பார்கள். அது வரப்போகிறது என்று போனில் எச்சரிக்கை வந்தால், தெருவில் யாரும் போனை நம்ப மாட்டார்கள். கிளீட்டஸ் மூட்டை கட்டுகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். கட்டவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிந்து பாயை விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பாள். அடுத்த வீட்டு ராஜையன் அவர் வாக்கை நம்பித் தரைக்குப் புது டைல்ஸே போட்டுவிட்டார். முன்வரிசை வீடுகளைக் கடல் எப்போதோ கொண்டுபோயிருந்தது. இப்போது இந்த வரிசைதான் முன்வரிசை.

புதுக்கடையில் ஜிம் தொடங்கவிருந்த டெல்வின் ஒரு மத்தியானம் வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தான். மிசினை ஓடவிட்டுப் பார்த்தான்.

"புதுசு மாதிரி இருக்கே அண்ணா."

"மாதிரி என்னத்துக்கு? புதுசுதான்."

தூக்கிக்கொண்டு போனவர்கள் அடுக்களைக் கதவில் மாட்டிக்கொண்டார்கள். எப்படித் திருப்பினாலும் அது நுழையவில்லை. "இத எப்பிடி உள்ள கொண்டு வந்திய?" என்றான் டெல்வின்.

"முன்வாசல் வழியா."

முன்வாசல் கடலைப் பார்த்தது. மிசின் வந்த நாளில் அதற்கு வெளியே மணல்முற்றமும் இரண்டு தென்னைகளும் இருந்தன. கல் போட்ட பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. அணைவாக மணல்மூட்டை அடுக்கி, அதற்கு முன்னால் மிசினையும் நிறுத்தியிருந்தார்கள்.

மூட்டைகளை நகர்த்தினார்கள். உப்பில் இறுகிப்போயிருந்த தாழ்ப்பாளைக் கிளீட்டஸ் தட்டித் தட்டித் திறந்தார். கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளியவர், வெளியே கால் வைக்காமல் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் அபினா மட்டுந்தான் நின்றாள்.

கற்கள் போட்டது போட்டபடி கிடந்தன. அவற்றின் மேல் ஈரம்கூட இல்லை. ஆனால் வாசற்படி அந்தரத்தில் நின்றது. கிளீட்டஸ் குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டினார். அபினாவும் குனிந்தாள். கற்களுக்கு அடியில் புகுந்து வந்த தண்ணீர் தரைக்குக் கீழே இருந்த மணலை வாரிக்கொண்டு போயிருந்தது. சற்று முன்பு அவர்கள் சோறு தின்ற இடத்துக்கு அடியில் இருட்டுத்தான் இருந்தது. அந்த இருட்டுக்குள் தண்ணீர் மெதுவாகப் போனது. உறிஞ்சும் சத்தத்தோடு திரும்பி வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் பிந்துவின் வீட்டுக்கு அடியிலும், அதற்கப்பால் ராஜையன் வீட்டுக்கு அடியிலும் அதே இருட்டு.

கிளீட்டஸ் எழுந்து கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார்.

"இந்தக் கதவு ஆவாது," என்றார் டெல்வினிடம். "எல்லாத்தையும் கழத்தி அடுக்களை வழியா எடு. வெரசா எடு. ஒரே எடத்துல எல்லாரும் கூடி நிக்காண்டாம்."

பேபி எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நீயும் இந்த வண்டியிலயே ஏறிப் போ. அங்க வீட்டத் தூத்துப் போடு."

"ஆடி கழியணும்னு சொன்னது ஆரு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேபி உள்ளே போய், மாதா சொரூபத்தை ஒரு சேலையில் சுற்றத் தொடங்கினாள்.

போன்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. இன்று இரவு கடல் பொங்கலாம் என்று எச்சரிக்கை வந்திருந்தது. அதைக் கேட்டுத்தானோ என்னவோ, மதிலுக்கு அப்பாலிருந்து பிந்து கூப்பிட்டாள்.

"அண்ணா! மிசினுதானே போவுது? நீங்க போவல்லியே?"

கிளீட்டஸ் மதில் பக்கம் திரும்பிக் கையை மட்டும் பாதி தூக்கினார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "அது போதும்" என்று சிரித்தபடி அவள் துணி காயப் போடப் போனாள். ராஜையன் வீட்டுப் புது டைல்ஸின் மேல் பிள்ளைகள் குதித்து விளையாடும் சத்தம் கேட்டது.

அபினா அந்தத் தெருவில் தலை குனிந்து நடக்கிற பெண். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அது கிளீட்டஸுக்கும் தெரியும். இருந்தும் அவளைத்தான் அடுக்களை மூலைக்குக் கூட்டிப்போனார். அவர் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

"மக்கா, எனக்கு வாய் எழும்பல்ல. நீ வீடு வீடாப் போய்ச் சொல்லு. வெளிச்சம் இருக்கும்போதே வீட்ட விட்டு எறங்கச் சொல்லு. கிளீட்டஸ் சொன்னான்னே சொல்லு, அப்பத்தான் எல்லாரும் கேப்பினும். ஆனா ஒருத்தரும் எனக்க மொகத்தப் பாக்க இங்க வராண்டாம்னு சொல்லு."