தோல்ஷாப் மூடிய கோடை

எனக்கு வாசனை தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் மூக்கைத் தோல் பதனிடும் தோல்ஷாப்பின் சுண்ணாம்புக் குழி தின்றது. என் மூக்கை ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் பசை தடவிய வேலை தின்றது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரிப்போம். வீட்டில் குழம்பு ஊசிப்போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டு பாயம்மாவிடம் கிண்ணத்தை நீட்டுவேன். "இன்னாம்மா, மூக்க அடகு வச்சிட்டியா?" என்று கேலி செய்துவிட்டு முகர்ந்து சொல்வார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோல்ஷாப். அதற்கும் பின்னால் எங்கப்பா எனக்கு எழுதிவைத்த அரை ஏக்கர் நிலம். ஷாப்புக் கழிவுநீர் இறங்கி இறங்கி மண் உப்பேறிப் போய், வேலிகாத்தான் முள்ளைத் தவிர எதுவும் நிற்காது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு ஷாப்பில். அதை முதலாளி அந்தக் கோடைக்கு முந்தின வருஷமே மூடிவிட்டார். ஐம்பத்தைந்து வயசில், புண் ஆறாத கையோடு வந்த ஆளை எவன் சேர்த்துக்கொள்வான்? நாலு மாசம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மாசி பிறந்ததும் திடீரென்று எழுந்து, தினமும் டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன் நல்ல தண்ணீரையும் ஒரு மூட்டை வண்டல் மண்ணையும் கட்டிக்கொண்டு நிலத்துக்குப் போக ஆரம்பித்தார். கேட்டால், "முருங்க வச்சிக்கிறேன்" என்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு நானே போனேன். முள்ளுக்குள் குனிந்து நுழைந்தால் நடுவில் வட்டமாக வெட்டிய இடம். இடுப்பளவு செடிகள். முருங்கை இலை எனக்குத் தெரியாதா?

"யோவ், இன்னா இது?"

"கத்தாத. பாத்துட்ட இல்ல, வுடு."

"கஞ்சாவா? பட்டா என் பேர்ல இருக்குது, தெரியுமா? புடிச்சா என்னத்தான் மொதல்ல இஸ்துகினு போவான்!"

"ஒரு சீசன்தான். இந்த நாத்தத்துல எவன் வருவான் சொல்லு? போலீஸ் நாயே மூக்கப் பொத்திக்கினு ஓடும்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

சித்திரையில் வண்டி சறுக்கி அவருக்கு முழங்கால் போயிற்று. அப்புறம் யார் தண்ணீர் சுமந்தது? நான்தான். காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவேன். ஆட்டுக்காரர் குரல் கேட்டாலே கேனை முள்ளுக்குள் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் தலைக்கு மேலே 'ஙொய்' என்று சத்தம். டிரோன்! என் கதை முடிந்தது என்று முள்ளுக்கு அடியில் சுருண்டு படுத்தேன். முதுகெல்லாம் கீறல். பார்த்தால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம் எடுக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரத்தில்தான் சென்னையில் நர்சாக இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குக் குவைத் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்கு எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். விசாரிக்கப் போலீஸ் வீட்டுக்கு வரும். பெற்றவள் மேல் கஞ்சா கேஸ் விழுந்தால் அவள் பாஸ்போர்ட் என்னாவது, வேலை என்னாவது? "புடுங்கிப் போட்டுடு" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "பூ வந்துடுச்சு, இன்னும் பதினஞ்சே நாளு" என்றார். சரி என்றேன். ஆமாம், நான்தான் சரி என்றேன்.

வைகாசியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோல்ஷாப்புக்கு சீல் வைத்தார்கள். கழிவைப் பாலாற்றில் விட்டார்களாம். ஆட்கள் வரவில்லை, டீக்கடை திறக்கவில்லை என்பதெல்லாம் எங்கள் கண்ணில் பட்டது. நாற்றம் நின்றுபோனது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் போலீஸ் விசாரணைக்காக மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாம்மா, நம்ம தெருவே மாறிப்போச்சு, தோல் நாத்தமே காணோம்!" என்று சிரித்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிய கை அப்படியே நின்றது. என் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"ஒம்மேல இன்னா வாசன இது?"

"வேர்வைடி."

"இல்ல. எமர்ஜென்சிக்கு வர்ற பசங்க மேல இதே வாசன அடிக்கும். எனக்கு நல்லாத் தெரியும்."

நான் அவள் அப்பாவைக் கைகாட்டினேன். வெட்கம்கெட்ட வேலைதான், ஆனால் காட்டினேன். அவள் நேராக அவரிடம் போய்ச் சட்டையை முகர்ந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு மாசமாக வீட்டை விட்டே இறங்கவில்லை. "அப்பா மேல இல்லம்மா. ஒம்மேலதான்" என்றாள். அந்த மூன்று மாசத்தில் நான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி என் முகத்தில் அறைந்தது.

பின்கட்டுக் கதவைத் திறந்தவள் சட்டென்று சாத்தினாள். நிலத்துப் பக்கமிருந்து காற்றிலேயே வருகிறதாம். இத்தனை நாள் அதை மூடிவைத்திருந்தது ஷாப்பு நாற்றம். அது போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருவில் எத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டதோ! பாயம்மாவிடம் போய்க் கேட்கவா முடியும்? அவரைப் பார்த்து மகள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நாளைக்குள்ள அது இருக்கக் கூடாதுப்பா." விடிந்ததும் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நிலத்துக்குப் போனார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

ஏழரை மணிக்கு மகள் போன் அடித்தது. "போலீஸ் ஸ்டேஷன் ஆளு பேசறேன். பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், பத்து நிமிஷத்துல வர்றேன். ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வைங்க."

கொடியில் கிடந்த என் புடவைகளை மகள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, நாலைப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். "தலைக்கு ஊத்திக்கோ, போ" என்று என்னைத் தள்ளினாள். நான் ஈரத்தலையோடு வெளியே வரவும் பைக் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

போலீஸ்காரன் தெற்கத்திப் பையன். ஊருக்கு மாற்றலாகி ஒரு மாசம்தான் ஆகிறதாம். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தான். "அப்பா எங்கம்மா?"

"நெலத்துக்குப் போய்க்கிறாரு."

"என்ன போட்டிருக்கீங்க?"

"முருங்க" என்றேன். அந்தப் பொய் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! அங்கே அவர் வெட்டிக்கொண்டிருக்கிறார். வெட்டினால் வாசனை இன்னும் ஏறும் என்று மகள் சொல்லியிருந்தாள். வேலை முடிந்து அதே கையோடு எந்த நிமிஷமும் வந்து நிற்பார். கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எழுதுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கினான். மூக்கு இரண்டு தரம் அசைந்தது.

"என்னமோ வாசன வருதே?"

வருகிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாதே! அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். மகள் அடுப்புக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே பால் பொங்கி வழிந்து தீயில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கவில்லை. புகை கூடத்துக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான், "அய்யோ, பாலு!" என்று கத்தினாள்.

போலீஸ்காரன் இருமிக்கொண்டே சிரித்தான். "நர்சம்மா, குவைத்துல போயி இப்படிக் கருக்கிராதீங்க" என்று எழுந்து, மீதியை வெளியே பைக் சீட்டின் மேல் வைத்து எழுதிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பி ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். கையெல்லாம் மண். "எல்லாத்தையும் வெட்டிப் பொதச்சிட்டேன்" என்றார். மகள் கருகிய பாத்திரத்தை உட்கார்ந்து தேய்த்தாள். பத்து வயசில், தன் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நான் போட்டதற்கே அழுது தீர்த்தவள். அவளைத்தான் அன்றைக்கு அந்த அடுப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டோம்.

பாஸ்போர்ட் வந்தது. அவள் போய் இரண்டு வருஷமாகிறது. ஷாப்பை மறுபடி திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மறுபடி கைக்குட்டையைத் தேடுகிறார்கள். நிலத்தில் முள் மூடிக்கொண்டது. அவர் இப்போது ஒரு ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன்.

லீவில் வரும்போது மகள் முன்பு போலவே செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொள்ள வருகிறாள். ஆனால் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி நிற்கிறாள். என் தோளருகே மூக்கைக் கொண்டுவந்து ஒரு மூச்சு இழுக்கிறாள். வேண்டுமென்று செய்வதில்லை, அது எனக்குத் தெரியும். வந்த அன்று நான் இரண்டு தரம் குளித்திருப்பேன், புதுப்புடவை கட்டியிருப்பேன். இருந்தும் என் மேல் என்ன வாசனை என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் கை என் முதுகில் விழும்வரை நான் மூச்சு விடுவதில்லை.