இரண்டு ரிங்

எக்ஸ்சேஞ்ச் அக்கா குளியலறைத் தரையில் மல்லாந்து விழுந்தபோது மணி ஆறு ஐம்பது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் லைன் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகியும் கடிகாரம் மட்டும் உடம்பை விட்டு இறங்கவில்லை. விழும்போதுகூட நேரம் தெரிந்துதான் விழுந்தார்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சோப்பு நழுவியது, எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. எழுபத்திரண்டு வயதில் இதற்கு மேல் விமரிசையாக விழ முடியாது.

தலையில் அடி இல்லை. இடது முழங்கால் மட்டும் கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி ஒத்துழைக்க மறுத்தது. ஆனால் அக்காவுக்கு முழங்காலைப் பற்றிக் கவலையில்லை, தம்பியைப் பற்றித்தான்.

ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் தம்பி, போன வருடம் அக்கா ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறி, இறங்கும் வழியைச் சுருக்கிக்கொண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது வந்தான். மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இன்னொரு தடவ விழுந்தா மறுபேச்சே கிடையாதுக்கா. வீட்டக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்." கட்டுப் போட்ட கையோடு யாரால் பேரம் பேச முடியும்? அக்கா தலையாட்டிவிட்டார். தம்பி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. தனி அறை, ஜன்னல், நல்ல மெத்தை எல்லாம் உண்டு. திட்டுவதற்கு ஆள்தான் கிடையாது.

இங்கே நாலு பேர் இருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் தனியாக வாழும் வயசாளிகள் ஐந்து பேர். கீழே தையல் கடையும் அதன் பின்னறையுமாக டைலர், முதல் மாடியில் அக்கா, இரண்டாவதில் பஸ் ஓட்டி ஓய்ந்த டிரைவர், மூன்றாவதில் எதிரெதிர் வீடுகளில் கேஷியரும் டீச்சரும். பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் செத்துப்போய், வாசலில் மூன்று நாள் பேப்பர் குவிந்த பிறகுதான் தெரிந்தது என்ற செய்தி வந்த அன்று அக்கா எல்லோரையும் தையல் கடையில் கூட்டினார். "நம்ம பொணத்த பேப்பர்காரன் கண்டுபிடிக்கக் கூடாது" என்று தொடங்கி, அரை மணி நேரத்தில் ஒரு சங்கிலியை அமைத்தார்.

காலை ஏழு மணிக்கு அக்கா டிரைவருக்கு இரண்டு ரிங் கொடுத்துக் கட் செய்வார். உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம். டிரைவர் கேஷியருக்கு, கேஷியர் டீச்சருக்கு, டீச்சர் டைலருக்கு, டைலர் திரும்ப அக்காவுக்கு. மூன்று ரிங் வந்தால் டீ போட்டாச்சு, வா. விடாமல் அடித்தால் ஓடி வா. ரிங்கே வரவில்லை என்றால் சாவியை எடுத்துக்கொண்டு ஓடு. இதற்காக ஒவ்வொருவர் வீட்டுச் சாவியும் இன்னொருவரிடம் இருந்தது. உள் தாழ்ப்பாள் போடக் கூடாது, குளியலறைக் கதவைப் பூட்டக் கூடாது, குளிக்கப் போனாலும் போன் கூடவே வர வேண்டும். பழைய மழைக்கோட்டைக் கிழித்து ஐந்து பேருக்கும் கழுத்தில் மாட்டும் பை தைத்துக் கொடுத்தவர் டைலர்தான்.

அந்த டைலரைத்தான் அக்கா ஒரு மாதத்துக்கு முன் சங்கிலியிலிருந்து நீக்கியிருந்தார்.

டைலருக்குக் குளிர்ஜுரம். மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டே, யாருக்கும் எதற்குத் தொந்தரவு என்று, தினமும் காலையில் ஒழுங்காக இரண்டு ரிங் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள், பேண்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தவர், இஸ்திரி மேசைக்குக் கீழே டைலர் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கட்டிலின் அருகே நின்று, எல்லோர் முன்னாலும் அக்கா தீர்ப்பு சொன்னார். பொய் ரிங் கொடுத்தவருக்குச் சங்கிலியில் இடமில்லை. என் வீட்டுச் சாவியைக் கொடுங்கள் என்றும் கேட்டார். "வேணும்னா வந்து வாங்கிக்கங்க" என்றார் டைலர். போய்க் கேட்க அக்காவுக்குக் கௌரவம் இடம் தரவில்லை. சாவி டைலரிடமே இருந்தது.

இப்போது ஏழு மணி. குழாயில் மாட்டியிருந்த போன் பை கைக்கு எட்டியது. டிரைவருக்கு விடாமல் அடித்தால் போதும். அடித்தால் டிரைவர் ஹாரன் தவிர மற்ற எல்லாச் சத்தமும் எழுப்பிக்கொண்டு இறங்கி வருவார். கட்டடமே கூடும். தம்பி நம்பர் டிரைவரிடம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அக்கா இரண்டு ரிங் கொடுத்துக் கட் செய்தார்.

ஏழே கால் மணிக்கு மேலிருந்து டீச்சரின் இரண்டு ரிங் வந்து சங்கிலி முடிந்தது. அதன்படி அன்று எல்லோரும் சௌக்கியம். சௌக்கியமான அக்கா சுவரைப் பிடித்து ஒரு முறையும் வாளியைப் பிடித்து ஒரு முறையும் எழப் பார்த்தார். வாளி கவிழ்ந்ததுதான் மிச்சம். தண்ணீர் சில்லென்று முதுகுக்குக் கீழே ஓடியபோது, சாயங்காலம்வரை இப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்று முதல்முறையாக யோசித்தார். நாளை காலை ஏழு மணிவரை யாரும் தன்னைத் தேடப்போவதில்லை. அந்த ஏற்பாட்டையும் தானேதான் செய்திருக்கிறோம் என்பது விளங்கியது.

ஐந்து பேரில் சங்கிலியில் இல்லாத ஒரே நம்பருக்குப் போட்டார். இரண்டு முறை கட் ஆனது. மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"நான் சங்கிலியில இல்லையேக்கா. நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க."

"முப்பத்தோரு வருஷத்துல நான் நம்பர் மாத்திப் போட்டதே இல்ல, டைலர்."

"அப்புறம்?"

"பாத்ரூம்ல கிடக்கேன்."

தையல் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது.

"ஏழு மணிக்கு ரெண்டு ரிங் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

டைலர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே படியேறுவதும், சாவி திரும்புவதும், கூடத்தில் நின்று மூச்சு வாங்கிச் சிரிப்பதும் வரிசையாகக் கேட்டன. குளியலறை வாசலில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி தைத்த ஜன்னல் திரை ஒன்றை உள்ளே வீசினார். வரும் அவசரத்திலும் அது தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"பாக்காதீங்க" என்றார் அக்கா.

"நாப்பது வருஷமா அளவெடுக்கறேன். எனக்கு எதுவும் புதுசு இல்லக்கா. சுத்திக்கங்க."

கையை நீட்டி இழுக்க டைலர் சம்மதிக்கவில்லை. தன் முதுகின் லட்சணத்துக்கு இழுத்தால் இரண்டு பேரும் கிடக்க வேண்டியதுதான், பிறகு ஜிப் மாற்ற யாராவது வந்தால்தான் உண்டு என்றார். இடுப்பை அசைக்கச் சொன்னார். வலி இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதன் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டார். அக்கா ஒருக்களித்தார், முழங்கையில் எழுந்தார், வலது முழங்காலை ஊன்றி நாற்காலியைப் பற்றினார். நடுவில் இரண்டு இடத்தில் ஓய்வு. மொத்தம் இருபது நிமிடம். அதற்குள் டைலர் தன் ஜுரத்தின் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். தப்பித்துப் போக முடியாத ஆள் கிடைப்பது அபூர்வம் அல்லவா?

காலை நீட்டி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்ட பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார், இது நமக்குள்ளேயே இருக்கட்டுமா என்று.

"இருக்கட்டும்" என்றார் டைலர். "நான் வாயத் திறக்க மாட்டேன். எனக்கு மறுபடியும் இடமும் வேணாம். ஆனா அன்னிக்கு எனக்கு ஊசி ஏறிட்டிருந்துச்சு. அவ்ளோ பேர் முன்னால பேசினீங்க." சொல்லிவிட்டு ஈரத் திரையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அக்கா ஜெயித்திருப்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் எல்லோரும் தையல் கடையில் கூடுவது வழக்கம். அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னார். பொய் ரிங் கொடுத்தேன், என்னை ஒரு மாதம் நீக்குகிறேன், டைலருக்குத் தண்டனை முடிந்துவிட்டது, என்றார். கேஷியர் சாவுச் செய்தி கேட்டவர் போல் வாயைப் பிளந்தார். டிரைவருக்கோ வேறு கவலை. "நாளைக்கு ஏழு மணிக்கு எனக்கு யாரு அடிப்பா? நான் எழுந்திரிக்கிறதே அந்த ரிங்லதான்."

இனி டைலர் அடிப்பார் என்று முடிவானது, டைலரும் மறுக்கவில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பித் தம்பிக்குப் போட்டார். யாரோ சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று படிக்கட்டிலேயே தீர்மானித்திருந்தார்.

"விழுந்துட்டேன்டா."

தம்பி ஒவ்வொரு எலும்பாக விசாரித்தான். பிறகு எதிர்பார்த்ததைச் சொன்னான். "பேசினது பேசினதுதான்க்கா. பெட்டியக் கட்டு."

"கட்டறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. காலைல ஒம்பதுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் உன் வீட்ல யாரு இருப்பா?"

தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவன் யோசித்தான். "பூனை இருக்கும்."

"அதுகிட்ட சாவி இருக்கா?"

அக்கா காத்திருந்தார், லைனில் காத்திருப்பது அவர் பிழைப்பாக இருந்தது. காலை ஏழு மணி இரண்டு ரிங் ஏற்பாட்டை விளக்கிவிட்டு, இங்கே போன் பண்ணின ஐந்தாவது நிமிடம் ஆள் வந்தது என்றார். அந்த ஆளையும் நான்தான் விரட்டி வைத்திருந்தேன், அது வேறு கதை என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் தம்பி இறங்கி வந்தான். குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடி, தரைக்கு வழுக்காத விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், முழங்காலை டாக்டரிடம் காட்டுவது. அப்புறம் பார்க்கலாம் என்றான். ஸ்டூலில் ஏற மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவின் விரல் பழக்கத்தில் டிரைவர் நம்பரைத் தேடியது. நீக்கப்பட்டவர் என்பது நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். கீழே டைலரின் மெஷின் ஓடத் தொடங்கியது. மேலே டிரைவர் இருமினார், எழுந்துவிட்டார். ஏழு இருபதுக்கு போன் இரண்டு ரிங் அடித்து நின்றது.

தம்பியின் நம்பர். தவறுதலாக அழுத்திவிட்டானோ, மறுபடி வருமோ என்று அக்கா ஐந்து நிமிடம் பார்த்தார். வரவில்லை. அப்படியென்றால் அவனும் உயிரோடுதான் இருக்கிறான். எந்த விதியில் அவனைச் சேர்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் ஏழு மணிக்குக் கொடுக்க வேண்டியதை ஏழு இருபதுக்கா கொடுப்பான்? சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். திட்டுவதற்காக போனை எடுத்தார்.