பாட்டு முடிந்த பிறகு

மராட்டியத்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சபை வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் ஏரவாடா பக்கம் போவது எப்போதும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்து மூன்றாம் ஞாயிறு. நான்காம் ஞாயிறு என்று சாதிப்பவர்கள் உண்டு. அது தவறு, அந்த நாள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு உரியது. நான் சொல்வது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த ஒரு மூன்றாம் ஞாயிறு. வெயில் தணியத் தொடங்கியதுமே வாடகை டெம்போவில் ஏறிவிட்டோம். சபைச் செயலாளர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷமும் அவருக்குத்தான்.

ஏரவாடாவின் சந்துகளில் வீட்டு எண்ணைத் தேடிப் பயனில்லை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கினால் அது நம் சபை வீடு என்பது எங்கள் கணக்கு. அப்படித்தான் ஒரு தகரக் கதவின் முன் நின்று, கிதாரும் தபேலாவுமாகப் பாட ஆரம்பித்தோம். கதவைத் திறந்த பெண் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பழைய இரும்பும் அட்டைப் பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. நம் ஊர்க் காயலான் கடைக்கு அங்கே பங்கார் கடை என்று பெயர். நட்சத்திரமும் பழைய சாமான்களோடு வந்ததாம். மகள் கிழிசலை ஒட்டி வாசலில் மாட்டியிருக்கிறாள்.

பாதியில் நிறுத்தினால் அசிங்கம் என்று முழுப் பாட்டையும் பாடி முடித்தோம். செயலாளர் பஞ்சுத் தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, "வீடு மாறி வந்துட்டோம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"தப்பெல்லாம் இல்லீங்கய்யா. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்குறாரு. தகரம் கிழிச்ச காலு, சக்கரை வேற. நாளைக்கு முட்டிக்குக் கீழ எடுத்துடறாங்களாம். ரெண்டு நாளா யாராண்டையும் பேச்சே இல்ல. அவருக்கும் இதே மாதிரி ஒரு பாட்டு பாடுவீங்களா?"

செயலாளர் அங்கேயே கண்ணை மூடி அவருக்காக ஜெபித்தார். உருக்கமான ஜெபம். ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் டெம்போவில் ஏறினோம். என் மனைவி மட்டும் ஏறவில்லை.

"அண்ணாச்சி, அவ பாட்டுல்லா கேட்டா."

"இன்னும் அஞ்சாறு வீடு கெடக்கு தாயி. கேக்கையும் பலகாரத்தையும் வச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பாவ."

"நிக்கட்டும். அவியதான் வருஷா வருஷம் நம்மளப் பாக்காவளே."

"இவிய நம்ம சபைகூட இல்லையேம்மா."

"இயேசு எந்தச் சபைன்னு விசாரிச்சுட்டா அண்ணாச்சி போனாரு?"

"தாடி காத அடச்சிருக்கு, சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றார் தபேலாக்காரர். வண்டிக்குள் சிரிப்பு. செயலாளர் சிரிக்கவில்லை. தாடியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு டிரைவரிடம், "பையா, சர்க்காரி அஸ்பதால் சலோ" என்றார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பெண்ணும் எங்களோடு ஏறிக்கொண்டாள்.

வார்டில் இருந்த மராட்டி நர்ஸ், சிவப்பு அங்கியை மேலும் கீழும் பார்த்தார். பாடலாம், ஆனால் மெதுவாக, மிக மெதுவாக என்றார். அவள் கணவரின் கட்டிலைச் சுற்றி நின்று ஏறக்குறைய கிசுகிசுப்பாகவே பாடினோம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். எங்கள் ஆள் மட்டும் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பாட்டு முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்குது. பாடிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு?"

அவரே தொடர்ந்தார். "ஏற்கெனவே வாடகை பாக்கி. அவ கடையத் தொறக்கலன்னா எடம் போயிடும். காலு போறதுகூடப் பரவால்லீங்க. மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறக்கறப்ப யாரும் இருக்க மாட்டாங்க. அதான்."

இயேசுவைப் பின்பற்றுவது பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன், பிரசங்கங்களும் கேட்டிருக்கிறேன். அவற்றில் பலவும் நல்லவை. ஆனால் அவையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து கேட்கும் கேள்வியை அந்தப் பங்கார் கடைக்காரர் ஒரே சொல்லில் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பாடுவது எங்களுக்குப் பழக்கம், சந்தோஷமும்கூட. திங்கட்கிழமை காலையில் எங்கே இருப்போம் என்பதில்தான் நாங்கள் யாருக்குப் பின்னால் நடக்கிறோம் என்பது தெரியும். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

"நான் வாறேன்" என்றார் செயலாளர். "வெள்ளனயே வந்துருதேன்."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நானும் மனைவியும் போனபோது, அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தேநீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். வார்டு பையனிடம் இந்தியில் சண்டை போட்டு இன்னொரு கம்பளியும் வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வெகு நேரம் கழித்து அந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"போயிடுச்சுங்களா?"

"போச்சுய்யா" என்றார் செயலாளர்.

"நீங்க?"

"நான் இங்கனதான இருக்கேன்."

செயலாளரின் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார். "அழும் வே, நல்லா அழும்" என்று சொல்லிக்கொண்டே செயலாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சபையார் முறை வைத்துக்கொண்டு போனார்கள். கேக்கோடு காத்திருந்து கோபித்துக்கொண்ட வீட்டாரும் வந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஒருவர் செயலாளரை மடக்கினார்.

"இவ்வளவு பண்ணுதியளே, அந்த ஆளு நம்ம சபைக்கு வருவாரா?"

"வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அதுக்கா வே போனோம்?" என்ற செயலாளர், அன்றைய முறை அவருடையது என்பதால், டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.