வாங்குபவர் பக்கம் காலி

கல்யாணத்தில் எனக்குப் போட்ட இரண்டு தங்க வளையல்களை விற்றுத்தான் அந்தப் பங்குகளை வாங்கினேன். பம்பு செய்கிற சின்னக் கம்பெனி. அப்போதுதான் முதல்முறையாகச் சந்தைக்கு வந்திருந்தது. நான் பத்தாவதுதான் படித்தவள். ஆனாலும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் போனிலேயே பங்கு வாங்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு. மகளுக்கு வளைகாப்பு வரும்போது விற்று, அதே மாதிரி இரண்டு வளையல் வாங்கிவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் வழக்கத்தில் வேப்பங்காப்பு போட்டதும் தாய் தன் கையால் தங்கம் போட வேண்டும்.

மூன்று வருஷமாக, காலையில் அம்மனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனைப் பார்ப்பேன். இடது பக்கம் வாங்குபவர் சொல்லும் விலை, வலது பக்கம் விற்பவர் சொல்லும் விலை. நடுவில் சில ரூபாய்தான் வித்தியாசம். நான் பார்த்த எந்த நாளும் ஒரு பக்கம்கூடக் காலியாக இருந்ததில்லை. எத்தனை பேர் என் பங்குக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போவேன். விலையும் இரண்டு மடங்காகியிருந்தது.

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருக்கையில் விற்றுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்று வியாழக்கிழமை, அஷ்டமி. மறுநாள் நவமி. பிள்ளைத்தாச்சி கையில் ஏறப்போகிற பொருள். அந்த நாட்களில் தொட மனம் வரவில்லை. சனி, ஞாயிறு சந்தை கிடையாது.

“நாலு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“உன் கம்பெனி, உன் அம்மன். நான் நடுவுல வரல” என்றார்.

திங்கட்கிழமை காலை விலை அப்படியே இருந்தது. விற்கக் கொடுத்தேன். போகவில்லை. வாங்குபவர் பக்கத்தைப் பார்த்தேன். ஓர் எண்கூட இல்லை. விற்பவர் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அது நான் கொடுத்தது. போன் கெட்டுவிட்டதென்று அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே.

கட்டியிருந்த புடவையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்த உழவர்கரைத் தரகரிடம் ஓடினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“வாங்குறவங்கல்லாம் எங்கப்பா போயிட்டாங்க?”

“மொதல்ல உக்காருங்கக்கா. வாங்குறவங்கன்னு கூட்டம் எப்ப இருந்துது? அது ஒரே ஆளு.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிக்கு மார்க்கெட் மேக்கர் என்று ஒருவரை நியமிப்பார்களாம். வாங்குகிற விலையும் விற்கிற விலையும் அவரே போட்டுவிட்டு நிற்க வேண்டும். யாருமே வாங்க வராத நாளிலும், விற்க வருகிறவரிடம் அவர் வாங்கியாக வேண்டும். அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அவருக்கு வருமானம். கம்பெனியும் ஏதோ கொடுக்கும்.

“அவருக்கு மூணு வருஷம்தான் கட்டாயம். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. வெலகிட்டாரு.”

“அப்ப வெலைன்னு போட்டிருக்கே?”

“அது கடைசியா யாரோ வித்த வெலைக்கா. இன்னிக்கு உங்களுக்குக் குடுக்கிற வெலை இல்ல. இதெல்லாம் மொதல்ல குடுத்த பேப்பர்லயே இருக்குதே, படிக்கலயா?”

படிக்கவில்லை. அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மூன்று வருஷம் ஒரே ஒருத்தரைப் பார்த்து ஒரு ஊர் ஜனம் என்று நினைத்திருக்கிறேன். அம்மன் மேல் எனக்கு வருத்தமில்லை. நவமியில் விற்காதே என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். பேப்பரைப் படிக்காதே என்று சொல்லவில்லை.

அதன்பிறகு எப்போதாவது ஒருவர் வருவார், மிகக் குறைந்த விலை கேட்பார். எனக்கு முன்னால் யாராவது கொடுத்துவிட்டுப் போவார்கள். விலை இறங்கிக்கொண்டே போனது. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு எனக்கும் ஒருவர் கிடைத்தார். பாதிக்கும் கீழே கேட்டார். கொடுத்துவிட்டேன். ஒரு வளையல்தான் வந்தது, அதுவும் மெல்லிசு.

வளைகாப்பில் வேப்பங்காப்பு ஏறியதும் மகளின் வலது கையில் அதைப் போட்டேன். சம்பந்தி வீட்டார் சுற்றி நின்றார்கள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இடது கையையும் நீட்டினாள்.