பழைய காருக்கு எடுத்த பாலிசி

இலங்கையில், நிவித்திகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், கொழுந்தைத் தூளாக்குவதை மேற்பார்க்கும் டீமேக்கராக நான் இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பழைய காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டினார் என்பது என் மனைவியின் பேச்சு. எனக்கோ அந்தக் கார்மேல் உயிர். என்னைத் தவிர வேறு யாரும் அதைத் துடைக்கக்கூடாது.

அடுத்த மாதமே இரத்தினபுரியிலிருந்து இன்ஷூரன்ஸ் ஏஜண்டு வந்தார். பொறுமைசாலி. என்னால் கட்ட முடிந்த பணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். ஒன்று, கார் நொறுங்கினாலும் எரிந்தாலும் எனக்கு நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் என் காரால் பிறருக்கு அடிபட்டால் கொடுக்கும் தொகை சொற்பம். மற்றது, காருக்குச் சல்லிக்காசு கிடையாது. அடிபட்டவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

யோசிக்க என்ன இருக்கிறது, முதலாவதையே எழுதுங்கள் என்றேன். தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"காரு போனா நடந்து போயிக்கலாங்க. இந்த ரோட்டுல நம்ம சனந்தான் நடக்குது. யாராச்சும் அடிபட்டா அந்த வீட்டுக்கு நாம என்னத்தக் குடுக்குறது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்நிய மனிதர் முன்னால், எனக்கு ஓட்டத் தெரியாது என்றல்லவா சொல்கிறாள்! அவள் வாயை அடைப்பதற்காகவே, அவள் சொன்னபடியே எழுதும்படி சொல்லிக் கையெழுத்தைக் கிறுக்கினேன். ஒருநாள் கார் போகும், அன்றைக்குச் சொல்லிக்காட்டலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். இவ்வளவுதான் என் நல்ல எண்ணம்.

என் வீடு மலை உச்சியில், ஃபேக்டரி அடிவாரத்தில். பெட்ரோலை மிச்சம்பிடிக்க, வீட்டு வாசலிலிருந்தே இஞ்சினைக் கிளப்பாமல், காரைச் சரிவில் உருளவிட்டே ஃபேக்டரிக்குப் போய்ச் சேருவேன். கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் தூறல். சாப்பிட்டுவிட்டு, கொழுந்து வரும் நேரமாயிற்றே என்று வழக்கம்போல் உருண்டு இறங்கினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்குத் தலையோடு கம்பளி போர்த்தி, முதுகில் நிறைந்த கூடை. கம்பளிக்குள் காது, என் காரிலோ சத்தமே இல்லை. முடக்கில் திரும்பியதும் அவர்களைக் கண்டேன். ஹோர்னை அடிப்பதற்குள் கடைசியில் போனவளைக் கார் தட்டிவிட்டது. அதன் பிறகுதான் நான் திருப்பினேன். கார் பாலத்துச் சுவரில் மோதி, முகம் சப்பையாகி நின்றது.

அவளுக்குத் தொடையெலும்பு முறிந்திருந்தது. மூன்று பிள்ளைகள், புருஷன் முந்தின வருஷம்தான் காய்ச்சலில் இறந்திருந்தான். அவள் கொழுந்து பறிக்காவிட்டால் அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் அடுப்பு எரியாது. அவளை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, என் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறை வாசலிலேயே நின்றேன். அவள் ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

இஞ்சின் ஓடவில்லை என்பதையும் மறைக்காமல் ஏஜண்டிடம் சொன்னேன். அந்த மனிதர் நாலைந்து முறை அலைந்து அவளுக்குப் பணத்தை வாங்கிக் கொடுத்தார். அவள் படுத்திருந்த ஏழு மாதமும் அந்த லயத்தில் அடுப்பு எரிந்தது. காரைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டேன்.

மறுபடி வேலைக்கு வந்த அன்று, லேசாகக் கால் தாங்கி நடந்து, அவள் என்னிடம் வந்து நின்றாள். ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன்.

"காருக்கு ஒண்ணும் குடுக்கலயாமே ஐயா? பாவம். எம்புட்டு ஆசையா தொடப்பீங்க."

மன்னிப்புக் கேட்டேன், அது அவளுக்குக் கூச்சமாகிவிட்டது, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றும் மலையேறி வீட்டுக்கு நடந்தே போனேன். மனைவியிடம், அன்றைக்கு நீ அந்த இடத்தைவிட்டுப் போகாமல் நின்றாயே, அதற்கு இந்த ஜென்மத்தில் நான் நன்றி சொல்லி முடியாது என்றேன். மூச்சு வாங்குகிறதே, முதலில் உட்காருங்கள் என்றாள் அவள்.